வலது கைப் பெருவிரல்

அக்டோபர் 27, திங்கள்

மருந்துக் கடையில் இனாமாகக் கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து காலியாகவே கிடந்தது. உட்கார்ந்து எழுத எனக்கு எங்கே நேரம் இருந்தது? இந்த வீட்டில் நேரத்துக்குப் பஞ்சமில்லை என்று வந்த முதல் நாளே தெரிந்துவிட்டது.

சம்பூர்ணம் அம்மாவுக்கு அறுபத்து நாலு வயது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகஸ்டில் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. "ம்" என்ற சத்தமும் தலையாட்டலும்தான் மிச்சம். மகள் பூங்கோதை கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துகிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் இருபத்து நாலு மணி நேர ஆள். ஞாயிறு லீவு கிடையாது.

பூங்கோதை மேடம் என்னை ஹாலில் உட்காரவைத்துப் பேசினார். "இதுக்கு முன்னாடி இருந்த அக்கா, அம்மாவத் தனியா உட்டுப்போட்டுக் கீழ கடைக்குப் போயிட்டாங்க. அம்மா கட்டில்ல இருந்து உழுந்து நெத்தி கிழிஞ்சுபோச்சுங்க. அதனால நான் காலேஜ் போறப்ப வெளிய கிரில்லைப் பூட்டிட்டுத்தான் போவேன். தப்பா நெனச்சுக்காதீங்க செல்விக்கா. இன்னொரு சாவி கீழ செக்யூரிட்டிகிட்ட இருக்குதுங்க."

"அப்புறம் இன்னொன்னுங்க. நீங்க கிறிஸ்டியன்னு ஏஜென்சில சொன்னாங்க. எனக்கு அதுல ஒண்ணுமில்லீங்க. ஆனா அம்மாகிட்ட மதம் பேச வேண்டாம். அவங்க திருப்பிப் பேச முடியாத நெலமைல இருக்காங்க. உங்க ரூம்ல நீங்க என்ன ஜெபம் வேணாலும் பண்ணிக்கங்க."

என் ரூம் என்பது அம்மாவின் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளிப் போட்ட இன்னொரு கட்டில். "சரி மேடம், பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு வாய் கழுவல், ஏழுக்கு ராகிக் கஞ்சி, எட்டுக்கு மாத்திரை. எட்டே முக்காலுக்குக் கிரில்லில் பூட்டு விழும் சத்தம். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நான்காவது மாடி. பால்கனியில் நின்றால் எதிர் பிளாட்டின் துணிக்கொடி தெரிகிறது.

சாயங்காலம் பேச்சுப் பயிற்சிக்கு பர்வீன் வந்தாள். சின்னப் பெண், கெட்டிக்காரி. "அக்கா, அம்மா எல்லாத்துக்கும் ஆமான்னுதான் தலையாட்டுவாங்க. அதை நம்பிராதீங்க. கேள்வியைத் திருப்பிக் கேட்டுப் பாருங்க" என்று செய்து காட்டினாள். "உங்க பேரு சம்பூர்ணமா?" ம். "உங்க பேரு கந்தசாமியா?" ம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூங்கோதை மேடம் சிரிக்கவில்லை.

அழுகையும் அப்படித்தானாம். காரணமே இல்லாமல் கண்ணீர் வருமாம். மூளையில் அடிபட்டதால் வருவது, பயப்பட வேண்டாம் என்றாள்.

நவம்பர் 2, ஞாயிறு

போனிலேயே ஆராதனை. எங்கள் சபை ஸ்டெல்லாக்கா தன் போனை மேடைப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். பாட்டை விட மின்விசிறி நன்றாகக் கேட்டது.

பாஸ்டர் தேவசகாயம் ஐயா தீர்மான அட்டைகளைப் பற்றிப் பேசினார். ஆளுக்குப் பத்து அட்டை கொடுத்திருக்கிறார். இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன் என்று அச்சடித்த அட்டை. கீழே பெயர், விலாசம், கையெழுத்து. வருடக் கடைசி ஆராதனைக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஸ்டெல்லாக்கா ஆறு வைத்துவிட்டாள். அவள் காய்கறிக் கடைக்காரி, நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறாள். நான் யாரைப் பார்க்கிறேன்?

சொல்ல வாய்ப்பிருந்தும் சொல்லாமல் விட்டவர்கள் தலையில் இரத்தப்பழி விழும் என்றார் ஐயா. போனில் முகம் தெரியாது. ஆனாலும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 6, வியாழன்

நான்கு நாளைக்குப் பிறகு அம்மாவுக்கு மலம் இறங்கியது. ஸ்தோத்திரம்.

நவம்பர் 9, ஞாயிறு

மேடம் ஏதோ கல்யாணத்துக்குப் போனார். பூட்டு.

துணி மடிக்கும்போது பாட்டு முணுமுணுப்பது என் பழக்கம். அதை யாரும் மதம் என்று சொல்ல முடியாது. பாடி முடித்ததும் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ன பாட்டுன்னு கேக்கியளாம்மா?" என்றேன். ம் என்றார். கேட்கிறவருக்குப் பதில் சொல்வது மரியாதைதானே. சொன்னேன். ஐந்து நிமிடம் இருக்கும். அரை மணி என்றும் சொல்லலாம்.

சொல்லக்கூடாது என்று ஏன் சட்டம் போடுகிறார்கள் என்பதே எனக்குப் புரியவில்லை. நல்ல மருத்துவர் இருக்கிறார் என்று தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லாமல் இருப்போமா? நான் எதையும் பிடுங்கவில்லை. இருப்பதைச் சொல்கிறேன். வேண்டாதவர்கள் விட்டுவிட்டுப் போகட்டும்.

அம்மாவின் கண்ணில் கண்ணீர் வந்தது. ஒரு துளி இல்லை, தாரையாக வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நவம்பர் 14, வெள்ளி

ஓய்வூதியத்துக்கு ஏதோ படிவம். அம்மாவால் கையெழுத்துப் போட முடியாததால் ரேகை. பூங்கோதை மேடம் படிவம் முழுவதையும், பின்பக்கத்துப் பொடி எழுத்து உட்பட, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். எதற்கு இந்த வேலை என்று நினைத்தேன். பிறகு இடது பெருவிரலில் மை தடவினார். அம்மா தானே ஊன்றி வைத்தார். மைப் பெட்டியை மேடம் மேசை டிராயரில் போட்டார்.

இந்த வாரம் எல்லா நாளும் மதியம் அம்மாவுக்குச் சொல்கிறேன். பூட்டு விழுந்ததிலிருந்து சாயங்காலம் வரை இருவரும் என்னதான் செய்வது?

நவம்பர் 20, வியாழன்

என் வீட்டுக்காரர் போய் மூன்று வருடம் ஆகிறது இன்றோடு.

காலையில் இரண்டு டம்ளர் காபி கலந்துவிட்டேன். ஒன்று அம்மாவுக்கு என்று சொல்லிக்கொண்டேன். அம்மாவுக்குக் காபி கிடையாது. இரண்டையும் நானே குடித்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

கர்த்தர் இன்று பெரிய காரியம் செய்தார்.

பதினோரு மணிக்கு ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், பாவம், சிலுவை, பரலோகம், ஒன்றும் விடவில்லை. "ஏத்துக்கிடுதியளாம்மா?" என்று கேட்டேன். ம். இன்னொரு தடவை கேட்டேன். ம். மூன்றாவது தடவையும் ம். மூன்று தடவை.

என் பையிலிருந்து ஒரு தீர்மான அட்டையையும் டிராயரிலிருந்து மைப் பெட்டியையும் எடுத்தேன். இடது கை சும்மா இருக்கவில்லை. இழுத்து இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். மையின் பிசுபிசுப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது. அதனால் வலது கை. அது மூடியே கிடக்கும்; வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து விரல்களைப் பிரித்தேன். ரேகை சுத்தமாக விழுந்தது. பெயர், விலாசம் நான் எழுதினேன்.

அம்மா அழுதார். நானும் அழுதேன். மதியம் பருப்புச் சாதம், பாதிதான் சாப்பிட்டார்.

நவம்பர் 22, சனி

மேடம் சாமான் வாங்கப் போயிருந்தபோது ஸ்டெல்லாக்கா முறுக்குக் கொண்டுவந்தாள். கிரில் கம்பி வழியாக முறுக்கு உள்ளே வந்தது, அட்டை வெளியே போனது. "யப்பா, ஆபீசரம்மாவையே மடக்கிட்டியே!" என்றாள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் மேடம் அம்மாவுக்கு நகம் வெட்டினார். "செல்விக்கா, படிவத்துக்கு எடது கைதானுங்களே வெச்சோம். வலது கைல எப்படிங்க மை?"

டிராயரைச் சுத்தம் செய்தபோது மைப் பெட்டி திறந்து அம்மா கைமேல் விழுந்துவிட்டது என்றேன். நாக்கு எப்படி அவ்வளவு வேகமாகப் புரண்டது என்று தெரியவில்லை. மேடம் எண்ணெய் போட்டுத் துடைத்தார். முழுக்கப் போகவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

ஸ்டெல்லாக்கா போனை மைக்கில் வைத்தாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாட்சி சொன்னேன். வாயில்லாத ஒரு ஆத்துமா கண்ணீரால் ஆமென் சொன்னது என்றேன். சபை முழுக்கக் கைதட்டியது. எனக்காக யாரும் கைதட்டி நாற்பத்து மூன்று வயதுவரை நான் கேட்டதில்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பாஸ்டர் ஐயா பிறகு தனியாகப் பேசினார். "செல்வி, டிசம்பர் இருபத்தொண்ணு நம்ம கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ் அந்தப் பக்கந்தான் வருது. முப்பது பேரு வாரோம். புது ஆத்துமாவுக்கு மாடில வந்து பாட்டுப் பாடி, ஜெபிச்சிட்டுப் போவோம். அந்தப் பொண்ணும் கேட்டு ரெச்சிக்கப்படட்டும்."

"ஐயா, வேண்டாம் ஐயா, அந்த மேடத்துக்குத் தெரியாது."

"தெரியட்டும்னுதான் வாரோம்."

குழாயை மூட மறந்துவிட்டேன். அம்மா கட்டிலைத் தட்டிக் கூப்பிட்டார்.

நவம்பர் 27, வியாழன்

ஐயாவுக்கு மூன்று தடவை போன் செய்தேன். அபார்ட்மெண்டில் வெளியாட்களை விடமாட்டார்கள் என்றேன். செக்யூரிட்டி நம்ம ஸ்டெல்லாவுக்குப் பழக்கம் என்றார். அம்மாவுக்குக் கூட்டம் ஆகாது என்றேன். பத்து பேர் மட்டும் மேலே வருகிறோம் என்றார். மேடம் என்னை வேலையை விட்டு நீக்கிவிடுவார் என்றேன். அது பாடுதான், ஆனால் கர்த்தருக்காகப் படுகிற மகிமையான பாடு என்றார்.

டிசம்பர் 5, வெள்ளி

பர்வீன் கரண்டியைக் காட்டி, "இது சீப்பா?" என்று கேட்டாள். ஆறு வாரமாக இதற்கும் ம் தான். இன்றைக்கு அம்மா அவளை ஒரு முறை முறைத்தார். பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டினார். பர்வீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இது கரண்டியா?" என்றாள். ம்.

இருபது கேள்வி கேட்டாள். இருபதும் சரி. வாசலில் நின்ற பூங்கோதை மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். "எங்கம்மா இல்லைன்னு சொல்லிட்டாங்க! எங்கம்மா இல்லைன்னு சொல்லிட்டாங்க செல்விக்கா!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அம்மா இல்லை என்று சொன்னதற்கு இந்த வீட்டில் கேசரி கிண்டினோம்.

"இனிமே அம்மா ஆமான்னு சொன்னா அதுக்கும் மதிப்பு இருக்குக்கா" என்று பர்வீன் போகும்போது சொன்னாள். எனக்குக் கேசரி இறங்கவில்லை. இனிப்பு கூடிவிட்டது.

டிசம்பர் 8, திங்கள்

மதியம் பாட்டு ஆரம்பித்தேன். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஜன்னல் வெயில் கண்ணில் பட்டிருக்கும். திரையை இழுத்துவிட்டு மறுபடி பாடினேன். அப்போதும் அவர் திரும்பவில்லை.

இப்போது கேட்கலாம். கேட்டால் சரியான பதில் வரும். நான் ரத்த அழுத்தம் பார்த்தேன், போர்வை மாற்றினேன், அம்மாவின் நான்கு சேலைகளுக்கு இஸ்திரி போட்டேன். அவர் சேலை கட்டி நான்கு மாதமாகிறது.

டிசம்பர் 12, வெள்ளி

துணி மடிக்கும்போது மேடம் பழைய கதை சொன்னார். அம்மாவை ஒரு தடவை ஒரு பங்களாவுக்கு வரச்சொல்லியிருந்தார்களாம். படுத்த படுக்கையாக ஒரு பெரியவர். சொத்தை மூத்த மகனுக்கு எழுதி வைக்கிறார் என்று பத்திரம் தயார். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பதிவு செய்வது வழக்கம்.

"அம்மா அந்தப் பெரியவர்கிட்ட, சம்மதமாங்கன்னு கேட்டிருக்காங்க. அவரு தலையாட்டியிருக்காரு. மகன் அவரு கையப் புடிச்சு ரேகை வெக்கப் போனானாமா. அம்மா பத்திரத்தை எடுத்துத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டாங்க. மந்திரி வரைக்கும் போன் வந்துச்சுங்க. எங்கம்மா அசையலயே! 'கையப் புடிச்சு வெச்சா அது உன் ரேகை, அவரு ரேகையில்ல'ன்னு சொல்லிப்போட்டாங்க."

மேடம் சொல்லிக்கொண்டே சிரித்தார். நான் அம்மா பக்கம் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பார்க்காமலே தெரிந்தது.

டிசம்பர் 13, சனி

வயிற்றுப்போக்கு. எனக்கு.

டிசம்பர் 16, செவ்வாய்

இன்று கேட்டேன்.

பூட்டு விழுந்த பிறகு அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்து, நாற்காலியை எதிரே போட்டுக்கொண்டேன். "அம்மா, போன மாசம் ஒரு அட்டைல உங்க ரேகைய வச்சேன். ஞாபகம் இருக்காம்மா?" ம்.

"உங்களுக்கு அதுல சம்மதமாம்மா?"

தலை இடமும் வலமும் ஆடியது. மெதுவாகத்தான், ஆனால் நன்றாக ஆடியது.

பர்வீன் சொல்லிக்கொடுத்தபடி கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். "சம்மதம் இல்லையாம்மா?"

ம்.

"நான் தினம் பேசினது புடிச்சுதா?" இல்லை. "புடிக்கலையா?" ம். "அழுதியளே, அது சந்தோசத்துலயா?" இல்லை. "கோவத்துலயா?" ம். இந்த ம் மற்ற ம்-களை விடச் சத்தமாக வந்தது.

இங்கே ஒன்றை ஒழுங்காக எழுத வேண்டும். நவம்பர் 21 அன்று அம்மாவுக்கு மையின் பிசுபிசுப்பு பிடிக்காமல் போகவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் அதே மையில் அவரே விரலை ஊன்றியிருந்தார். அன்று இடது கையை இழுத்தது வேண்டாம் என்பதற்காக. எனக்கு அது அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் இழுக்க முடியாத கையை எடுத்தேன்.

வேண்டாதவர்கள் விட்டுவிட்டுப் போகட்டும் என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். எங்கே போவார்? கிரில் எனக்குப் பூட்டு. அம்மாவுக்கு நானே பூட்டு.

டிசம்பர் 17, புதன்

"ஐயா, அந்த அட்டைய கிழிச்சிருங்க" என்றேன் பாஸ்டர் ஐயாவிடம். எல்லாவற்றையும் சொன்னேன், கையைப் பிடித்து வைத்ததையும்.

ஐயா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பிசாசு ஒனக்குச் சந்தேகத்தக் குடுக்கான் மகளே. வெதை விழுந்தாச்சு. முளைக்கிறது கர்த்தர் பாடு. பேர்ப் பட்டியலும் மேலிடத்துக்குப் போயிட்டு. முருகையா காரியத்துல சொல்லாம விட்டுட்டு மூணு வருசமா அழுதியே, இன்னொரு ஆத்துமாவையும் விடப்போறியா?" என்றார்.

என் வீட்டுக்காரர் பெயரை யாரும் என்னிடம் சொல்லி வெகுநாள் ஆகிறது. நானே சொல்வதில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கேன். அவரு இப்ப எங்க இருக்காரு?"

"அது கர்த்தர் கையில இருக்கு செல்வி. நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"மூணு வருசமா நீங்க என்கிட்ட இதச் சொல்லலையே ஐயா. என் தலைல இரத்தப்பழின்னுல்ல சொன்னீய. அவரு காரியம் கர்த்தர் கையிலன்னா, இந்த அம்மா காரியமும் அவரு கையிலயே இருக்கட்டும். அட்டை என்னத்துக்கு?"

ஐயாவிடம் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. அவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. இன்னும் நான்கு நாள்.

டிசம்பர் 19, வெள்ளி

கேரல் கூட்டம் வருவதற்குள் மேடத்திடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்து, இன்று சாயங்காலம் பர்வீன் போனதும் சொன்னேன். அம்மாவின் முன்னாலேயே சொன்னேன். சுருக்கமாக முடித்துவிடத்தான் நினைத்தேன். மேடம் விடவில்லை. எந்தக் கை, எந்த மை, எத்தனை நாள், என்னென்ன சொன்னீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"உங்க சாமியப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லீங்க செல்விக்கா. எங்க காலேஜ்ல சிஸ்டர் ஒருத்தங்க எனக்குச் சொல்லியிருக்காங்க. நான் வேண்டாம்னேன். சரின்னு விட்டுட்டாங்க. இன்னிக்கும் ஃபிரண்டா இருக்கோம். எங்கம்மாவால எந்திரிச்சுப் போக முடியாதுங்களே. வாயத் தொறந்து நிறுத்துன்னு சொல்ல முடியாதுங்களே." அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நானே வெளிய பூட்டிப்போட்டு, உங்ககிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிருக்கேன்."

வேறு ஆள் முப்பத்தொன்றாம் தேதிதான் கிடைக்குமாம். அதுவரை நான் இருக்க வேண்டும். மேடம் லீவு போட்டுவிட்டார். கிரில் இனிமேல் திறந்தே இருக்கும். "இப்பவே போறதுன்னாலும் போய்க்கலாம்ங்க" என்றார். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க மேடம் ஒரு ஆளால் ஆகாது. இருக்கிறேன் என்றேன். திறந்த கதவுக்குள் இருப்பது இத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. நான் கஞ்சி ஊட்டும்போது மேடம் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் வாயைப் பார்க்கிறார்.

டிசம்பர் 21, ஞாயிறு

சாயங்காலம் தூரத்தில் கிட்டார் சத்தமும் பாட்டும் கேட்டது. தெரு முனைவரை வந்து நின்றுவிட்டது. போன் வந்தது. மேடத்திடம் கேட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். ஐம்பத்தைந்து நாளில் முதல் தடவையாகத் தரையில் கால் வைக்கிறேன்.

பாஸ்டர் ஐயா கேட்டுக்கு வெளியே தனியாக நின்றார். வெள்ளை ஜிப்பா வியர்வையில் ஒட்டியிருந்தது. பையிலிருந்து அட்டை இருந்த கவரை எடுத்து நீட்டினார். "பட்டியல்ல இருந்து பேரை எடுக்கச் சொல்லிட்டேன். வந்த ஆத்துமாவ நீயே திருப்பி அனுப்புத. கர்த்தருக்கு நீதான் கணக்குச் சொல்லணும்."

"சொல்லுதேன் ஐயா."

போகத் திரும்பியவர் நின்றார். "முருகையா நல்ல மனுசன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். தெரு முனையில் மறுபடி பாட்டு ஆரம்பித்து அடுத்த தெருவுக்குள் போய்விட்டது.

டிசம்பர் 22, திங்கள்

அட்டையை அம்மா மடியில் வைத்தேன். இடது கையால் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ரேகையை வெகுநேரம் பார்த்தார். கிழிக்கப் பார்த்தார். ஒரு கையால் முடியவில்லை. பல்லால் கடித்தார், அதுவும் ஆகவில்லை. மேடம் வாங்கிக் கிழிக்க வந்தார். அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

அட்டையின் மறுமுனையை என் பக்கம் நீட்டினார். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார். கெட்டி அட்டை, கிழிய மூன்று இழுப்பு ஆனது.

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன். அதற்கு அவர் ம் சொல்லவில்லை. இல்லை என்றும் ஆட்டவில்லை.

டிசம்பர் 24, புதன்

அம்மா பர்வீனிடம் "வா" என்றும் "தா" என்றும் சொன்னார். எனக்கும் ஒன்று கிடைத்தது. மாத்திரை கொண்டுபோனபோது "போ" என்றார்.

டிசம்பர் 25, வியாழன்

சபைக்குப் போகவில்லை. மேடம் காலையில் "ஹேப்பி கிறிஸ்மஸ்ங்க" என்று சொல்லிவிட்டு மளமளவென்று சமையலறைக்குள் போய்விட்டார். நான் பால்கனியில் நின்று வாய்க்குள்ளேயே ஜெபம் செய்தேன். சத்தம் வெளியே வராமல் பார்த்துக்கொண்டேன்.

மதியம் மூன்று மணிக்கு அம்மா கட்டிலைத் தட்டினார். பெட்பேன் எடுத்தேன், இல்லை. தண்ணீர், இல்லை. புரட்டவா, இல்லை. என்னைச் சுட்டிக்காட்டினார். பிறகு, எத்தனையோ முயற்சிக்குப் பின், "சொ…ல்லு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மேடம்தான் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "என்னம்மா சொல்லணும்? செல்விக்கா அவங்க சாமியப் பத்திச் சொல்லணுமா?" ம். மேடம் நம்பவில்லை. "சொல்ல வேண்டாமா?" அம்மா இல்லை என்று ஆட்டினார். "நான் சொல்லணுமா?" இல்லை. "செல்விக்காவா?" ம்.

மேடம் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மாதம் நிறுத்தாமல் பேசியவளுக்கு வாய் வரவில்லை. மனப்பாடமாக வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கடைசியில் முருகையாவைப் பற்றி ஆரம்பித்தேன். பதினேழு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னை வண்டியில் கொண்டுவந்து சபை வாசலில் இறக்கிவிடுவார், ஆராதனை முடியும்வரை எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நான் ஒரு தடவைகூட உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டதில்லை என்று சொன்னேன். கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். லாரி செட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு, ராத்திரி கண்ணை மூட முடியாத நாட்களில், நான் பேசியதைக் கேட்க ஒருவர் இருந்தார், அவர் என்னைத் திட்டவில்லை, அதனால்தான் உயிரோடு இருக்கிறேன் என்றேன். எப்படி அது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒருத்தர் யாருன்னா அம்மா…" என்று தொடங்கினேன்.

அம்மா இடது கையைத் தூக்கினார். "போது…ம்" என்றார்.

நிறுத்திவிட்டேன்.